புதுப்பிப்பு: எடை குறைக்கும் ஊசியும் மெடிக்கல் எய்டும்

போன மாதம் கேட்டிருந்தேன்: எடைக்காக டாக்டர் வாரம் ஒரு தடவை போடும் செமாகுளுட்டைடு ஊசி எழுதினார், மெடிக்கல் எய்ட் (இங்கே தென்னாப்பிரிக்காவில் தனியார் மருத்துவக் காப்பீடு) கைவிரித்துவிட்டது, கைக்காசில் சமாளிக்க வழி உண்டா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பதில் சொன்னவர்களில் பீனிக்ஸ் ஊர் அக்கா சொன்னபடி எச்பிஏ1சி (சில மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை) பரிசோதனை எடுத்தேன். 6.9 வந்தது, திரும்ப எடுத்தாலும் அதே கதை. டைப் 2 சர்க்கரை, சட்டப்படி மெடிக்கல் எய்ட் செலவு ஏற்கவேண்டிய நாட்பட்ட நோய்களில் ஒன்று, அதனால் ஊசி கிடைத்துவிடும் என்று துள்ளினேன். இல்லை, முதலில் மெட்ஃபார்மின் மாத்திரைதானாம். ஊசிக்குத் தனி விண்ணப்பம், அது இன்னும் நிலுவையில்.

உண்மையில் கைகொடுத்தது சாட்ஸ்வொர்த் ஊர் அண்ணன் சொன்னதுதான். இங்கே மருந்தின் அடக்கவிலை நாடு முழுக்க ஒன்றே. மேலே பார்மசி போடும் கட்டணம்தான் கடைக்குக் கடை மாறும். ஊசியின் விலையை நான்கு இடத்தில் எழுத்தில் கேட்டு வாங்கினேன், மாதம் 140 ரேண்ட் மிச்சம். பெரிய தொகை இல்லை, ஆனால் பெட்ரோல் காசு.

அதே மருந்தைத் தாங்களே குப்பியில் கலந்து மலிவாகக் கொடுக்கும் இடத்துக்குப் போகவில்லை, மருந்து ஒழுங்குமுறை ஆணையமே அதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: திறக்காத ஊசிப் பேனாவை 2 முதல் 8 டிகிரியில் வைக்கவேண்டும், உறையவிடக் கூடாது. எங்கள் ஃப்ரிட்ஜின் பின்சுவரில் ஒட்டிய கொத்தமல்லி ஐஸாகிக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் பேனாவைக் கதவுத் தட்டுக்கு மாற்றினேன். ரசீதுகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், வரிக் கணக்கில் மருத்துவச் செலவாகக் காட்ட.