அறிவிக்காத விதியைக் காட்டி ஒரு கோலத்தை நீக்கலாமா?

கேள்வி: வாசல்மாவு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பின் முகநூல் குழுவில் மார்கழிக் கோலப் போட்டி நடத்தினோம். 15 புள்ளியில் தொடங்கி 1 வரை, நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலம் போட்டுப் படம் அனுப்ப வேண்டும், அதிக விருப்பக்குறி பெறுவதற்கே பரிசு என்பதற்கு மேல் நாங்கள் எதையும் எழுதவில்லை. முதலிடம் பெற்ற கோலம் அச்சுத் தட்டில் மாவைத் தூவிப் போட்டது என்று புகார் வந்ததும், நிர்வாகிகளில் ஒருவர் அதை நீக்கிவிட்டு, அடுத்து வந்தவருக்குப் பரிசை அறிவித்துவிட்டார். அச்சு கூடாது என்று எங்கே சொன்னீர்கள் என அந்தச் சகோதரி கேட்கிறார். விடியற்காலையில் குனிந்து கையால் இழை இழுத்தவர்களின் உழைப்பையும் என்னால் ஒதுக்க முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: இழைக்கோடு

நீக்கியது தவறு, அம்மா. 2022இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், ஜேசன் ஆலன் என்பவர் மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியால் உருவாக்கிய படத்துக்குக் கணினிக் கலைப் பிரிவின் முதல் பரிசாக 300 டாலர் கிடைத்தபோது, ஓவியர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனால் அந்தப் பிரிவின் விதி கணினித் தொழில்நுட்பத்தை அனுமதித்தது. மிட்ஜர்னியின் பெயரையும் அவர் படத்தோடு குறிப்பிட்டிருந்தார். ஆகவே பரிசு அவரிடமே இருந்தது. மாறாக, 2024இல் மைல்ஸ் ஆஸ்ட்ரே என்ற புகைப்படக் கலைஞர் ஒரு பூநாரையின் உண்மைப் புகைப்படத்தை, வேறொரு புகைப்படப் போட்டியின் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு அனுப்பிப் பரிசு பெற்று, தாமே உண்மையைச் சொன்னபோது, அது தகுதி இழந்தது. அந்த முடிவை அவரே சரியென்று ஏற்றுக்கொண்டார். அங்கே எந்தப் படம் எந்தப் பிரிவுக்கு உரியது என்பது முன்னமே தெளிவாக இருந்தது.

பதில்: புள்ளிக்கணக்கு

அச்சை விடப் பெரிய கோளாறு விருப்பக்குறிதான் என்பேன். முதல் நாளே படம் போட்டவருக்கும், சொந்தபந்தம் அதிகம் உள்ளவருக்கும் அது கூடிக்கொண்டே போகும். கோலத்தை யார் பார்த்தார்கள்? எங்கள் குழுவில் கடைசி நாள் முடிந்த பிறகே எல்லாப் படங்களையும் பெயரில்லாமல் ஒன்றாக வெளியிட்டு, போட்டியில் கலந்துகொள்ளாத மூவரை மதிப்பிடச் சொல்கிறோம். புள்ளி மட்டும் வைத்த நிலையில் ஒரு படம், பாதி இழுத்த நிலையில் ஒரு படம், முடித்த பின் ஒன்று என மூன்று படங்கள் கேட்கிறோம். கையால் போட்ட கோலத்தில், விரலிடுக்கில் மாவு தீர்ந்து மறுபடி அள்ளித் தொடர்ந்த இடம் சற்றே தடித்திருக்கும். அச்சில் அது இராது. செயலி வரைந்து தந்த கோலங்களும் சில வந்தன. வரிசை வரிசையாகப் புள்ளிகளை எண்ணியபோது எண்ணிக்கை உதைத்தது, சில புள்ளிகளைச் சுற்றி இழையே இல்லை.

பதில்: பாட்டியின்நோட்டு

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே கோலத்தைப் போட்டால் அதைத் திருட்டு என்று எழுதிவிடாதீர்கள். தலைமுறை தலைமுறையாக நோட்டுப் புத்தகங்களில் படியெடுத்து வந்த கோலங்களுக்குத் தனி உரிமையாளர் கிடையாது. அடுத்தவர் எடுத்த புகைப்படத்தைத் தன்னுடையதாக அனுப்புவதே குற்றம்.

வாசல்மாவு

மூவருக்கும் நன்றி. நீக்கிய படத்தை இன்று காலை மீண்டும் சேர்த்து, அந்தச் சகோதரியிடம் குழுவிலேயே மன்னிப்புக் கேட்டேன். முதல் பரிசு அவருக்கே. அறிவித்துவிட்ட பரிசை மற்றவரிடமிருந்து திரும்ப வாங்க மனம் ஒப்பாததால், அதே மதிப்பில் இன்னொன்று வாங்குகிறோம். அச்சுக்குத் தனிப் பிரிவு என்பதையும் மூன்று படங்கள் என்பதையும் அடுத்த கார்த்திகைக்குள் எழுதி ஒட்டிவிடுவோம்.