அப்பா ஏன் பாடமாட்டேங்கிறார்? மலேசியா, சுங்கை சிப்புட் வட்டார வீட்டுப் பஜனை அனுபவங்கள்: நாலு புனைபெயர்க்காரங்க எழுதினது

பஜனைமடம்:
வீட்டுல எல்லாரும் சேர்ந்து பஜனை பாடலாம்னு ஆசையா ஆரம்பிப்பாங்க. கொஞ்ச வாரத்துல அப்பா டிவி பக்கம் போயிடுவார், பையன் ரூமை விட்டு வரமாட்டான். ‘இவங்களுக்கு ஈடுபாடே இல்ல’ன்னு அம்மா முகம் வாடும். அப்புறம் அதுவே ஒரு சண்டை. தாமான்ல (குடியிருப்புல) இப்படிப் பஜனை நின்னுபோன வீடுகள் நிறைய. மனசைக் குறை சொல்றதுக்கு முன்ன சுருதியைப் பாருங்க.

கோயில்ல பழகின மாதிரி அம்மா 5½ கட்டையில (கட்டைங்கிறது ஸ எந்த உயரத்துல நிக்குதுன்னு சொல்ற சுருதிக் கணக்கு) எடுப்பாங்க. அப்பா அதே ஸ்தாயியில (ஒரு ஸ-விலிருந்து அடுத்த ஸ வரை உள்ள எல்லை) பாடினா மேல் ஸ கத்தலாகும், ஒரு ஸ்தாயி இறங்கினா கீழ் ஸ முணுமுணுப்பாகும். ரெண்டுமே கூச்சமா இருக்கும், மனுஷன் வாயை மூடிக்குவார். ஸ-விலிருந்து மேல் ஸ-வுக்குள்ள அடங்குற பாட்டா எடுத்து 1 கட்டையில வைங்க. பெண்களும் சின்னப் பிள்ளைகளும் மேல, ஆம்பளைங்க ஒரு ஸ்தாயி கீழ. யாருக்கும் கழுத்து நரம்பு புடைக்காது. பாட்டு மேல் ஸ-வைத் தாண்டி க, ம வரை போனா, 1-க்குக் கீழ இருக்கிற 6 கட்டைக்கு இறக்குங்க. ஆனா ஸ-வுக்கும் கீழ, கீழ்ப் பஞ்சமம் (ப) வரை இறங்குற பாட்டுக்கு 6 ஆகாது, ஆம்பளைக் குரல் காணாமப் போயிடும்.

13, 14 வயசுப் பையனுக்குக் குரல் உடையிற நேரம். நாலஞ்சு ஸ்வரத்துக்குள்ளதான் நிலையா நிக்கும். அக்கா ஒரு தடவை சிரிச்சாப் போதும், அதோட சரி. அவன்கிட்ட டோலக்கைக் குடுங்க, பல்லவி மட்டும் பாடட்டும்.

ஜால்ரா யார் கையிலயோ வேகம் அவங்க கையில. துள்ளுற பிள்ளைகிட்ட இருந்தா ரெண்டாவது சரணத்துலயே ஓட்டம்தான். பாட்டிகிட்ட குடுங்க.

மில்_ஷிப்ட்:
பாமாயில் மில்லுல ஷிப்ட் பார்க்கிற வீட்டுல வெள்ளிக்கிழமைன்னு கட்டிப்போடக் கூடாது. வாராவாரம் அட்டவணை வந்ததும் நாளைக் குறிங்க. பள்ளிவாசல்ல மக்ரிப் (அந்தித் தொழுகை) பாங்கு முடிஞ்சு, இஷாவுக்கு (இரவுத் தொழுகைக்கு) முன்ன, 7.45 வாக்குல, 20 நிமிஷம் போதும். தாமான் சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டையும் யோசிக்கணும்.

மூணு பாட்டு: ஒண்ணு பெரியவங்களுக்கு, ஒண்ணு பிள்ளைக்கு, ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்சது. பிள்ளை சினிமாப் பாட்டு கேட்டா அதையும் அப்பா பாடணும். பேரம் ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் நிக்கும்.

பாட்டு நடுவுல திருத்தாதீங்க. 2010-ல கிர்ஷ்னர், டோமசெல்லோன்னு ரெண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வுல 4 வயசுப் பிள்ளைகளை ஜோடி ஜோடியா விளையாட விட்டாங்க. பாடித் தாளம் தட்டி விளையாடின ஜோடிகள், பாட்டில்லாம விளையாடின ஜோடிகளைவிட அப்புறம் ஒருத்தருக்கொருத்தர் கூடுதலா உதவினாங்க. நாம வீட்டுல தேடுறதும் அந்தப் பலனைத்தான், அரங்கேற்றம் இல்லையே! தப்பான ஸ்வரத்தை மறுநாள் சமையல்கட்டுல தனியா சொல்லிக்கலாம்.

ரீடு_வைத்தியர்:
ஆர்மோனியத்தைச் சிமெண்டுத் தரையில வைக்காதீங்க. நம்ம ஊர் ஈரத்துக்குத் துருத்தித் துணி பூத்துப்போகும், ரீடு (உள்ள அதிர்ந்து ஒலிக்கிற உலோக நாக்கு) கருத்துப்போகும். பலகை மேல, பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க. பாடாத வாரத்துலயும் விரல் வைக்கிற எல்லாக் கட்டையையும் ஒருதரம் அழுத்திக் காத்து விடுங்க.

ஒரு ஸ்வரம் ஊமையானா முதல்ல தூசியைச் சந்தேகப்படுங்க. மூடியைக் கழட்டி, ரீடு நாக்குக்கு அடியில மெல்லிசான தாளை நுழைச்சு மெதுவா இழுங்க. அரத்தைத் தொடவே வேணாம். நுனியைச் சுரண்டினா சுருதி ஏறும், அடியைச் சுரண்டினா இறங்கும். சுரண்டின உலோகம் திரும்ப ஒட்டாது.

சுருதிக்குப் போன்ல தம்புரா செயலி வைக்கிறவங்க சின்ன ஸ்பீக்கர் ஒண்ணு மாட்டுங்க. போன் ஸ்பீக்கர்ல கீழ் ஸ சரியாக் கேக்காது. அப்பாவுக்குப் பிடிமானம் அதுதான்.

உறுமிக்கூட்டம்:
மேல சொன்ன டோலக் யோசனை சரி. ஆனா தைப்பூச உறுமிக் குழுவுல இருக்கிற பையன் வீட்டுக்குள்ளயும் உறுமியைத்தான் எடுப்பான். வளைஞ்ச குச்சி தோலைத் தேய்க்கிற அந்த உறுமல் தகரக்கூரை வீட்டுல பாட்டை முழுங்கிடும், பாட்டிக்குத் தலைவலி வரும். உடனே திட்டுனா அவன் மறுபடி கூட்டாளிங்களோட மட்டும்தான் அடிப்பான். கடைசிப் பாட்டை வெளிய அஞ்சடியில (வாசல் நடைபாதையில) வச்சு, அதுக்கு மட்டும் உறுமின்னு பேசி வைங்க.

காதையும் கவனிங்க. 85 டெசிபல்ல 8 மணி நேரம்தான் எல்லை, 3 டெசிபல் ஏறினா நேரம் பாதியாகும். அந்தக் கணக்குல 100 டெசிபல்ல 15 நிமிஷம். அந்த ஒரு பாட்டுக்குக் கைக்குழந்தையை உள்ள தூக்கிட்டுப் போயிடுங்க. அடிக்கிறவனுக்கு ஃபார்மசியில விக்கிற நுரைக் காதடைப்பான் போதும், உருட்டிச் சின்னதாக்கி உள்ள விட்டு, விரியிற வரைக்கும் விரலால பிடிச்சிருக்கணும்.