மறு: ஹார்ட்டாப் – கழல்கூரை வேண்டாம், பூட்டுகூரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

திறந்த காரின் மேல் பூட்டிக் கழற்றும் கடினக் கூரையான ஹார்ட்டாப்புக்குத் தமிழில் என்ன சொல் என்று இந்த இழையில் வந்த சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மைத்துனரின் பட்டறைக்குப் போனேன். அவருடைய 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு ஹார்ட்டாப் ஏற்றும் நாள் அது. ஏற்றுகிற வேலையைக் கண்ணால் பார்த்த பிறகு சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன்.

முதலில் துணிக்கூரை. அதன் பிளாஸ்டிக் பின்ஜன்னலின் ஜிப்பைத் திறந்து தட்டையாகக் கிடத்திய பிறகுதான் மடக்கினார். அப்படியே மடக்கினால் பிளாஸ்டிக்கில் மடிப்பு விழுந்து நாளடைவில் அந்த இடம் வெடித்துவிடும். மடக்கிய துணிக்கூரை இருக்கைகளுக்குப் பின்னால் அப்படியே இருக்கும். ஹார்ட்டாப் அதற்கு மேல் அமரும். ஈரத்தோடு மடக்கி மூடினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும் என்பதால் இரண்டு நாள் வெயிலில் காயவைத்திருந்தார். துணிக்கூரை ஓரத்து நீர் இறங்கும் துளைகளையும் கம்பி விட்டுப் பார்த்தார். அவை அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் கதவுக்குக் கீழே தேங்கி, உடல் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நிற்கும் காருக்கு இது சின்ன விஷயமில்லை.

ஹார்ட்டாப் ஏறக்குறைய 20 கிலோதான். ஆனால் கைக்கு அடங்காத அகலம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பின்புறத்தை முதலில் அமர்த்தி, முன்புறத்தை மெதுவாக இறக்கினோம். முன்கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு பிடி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கி. இந்தக் காரில் இதற்குமுன் ஹார்ட்டாப் இருந்ததில்லை. அதனால் பக்கக் கொக்கிகள் கவ்வுகிற தகடுகளைத் தனியே வாங்கியிருந்தார். அவற்றை முழுதும் முறுக்காமல் தளர்வாக வைத்து, கதவுக் கண்ணாடியை ஏற்றி, ரப்பரில் எங்கே தொடுகிறது என்று பார்த்துப் பார்த்து முறுக்கினார். அதற்கே ஒரு மணி நேரம் போனது. நான்கும் பூட்டிய பிறகுதான் கூரையும் காரும் ஒன்றானது போலிருந்தது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

சிரம்பான் ஐயாவின் 'வன்கூரை' கேட்க நன்றாக இருக்கிறது. வன்பொருள், மென்பொருள் வரிசையில் சேரும். என் தடை ஒன்றுதான். 1957 முதல் 1959 வரை வந்த ஃபோர்டு ஸ்கைலைனரின் கூரையும், 1996-இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல்கேயின் கூரையும் வன்மையானவைதான். ஆனால் அவை தாமே மடங்கிப் பின்பெட்டிக்குள் போய்விடும், கழற்றி வைப்பவை அல்ல. அமெரிக்காவிலோ, பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே தூண் இல்லாத, கூரை நிலையாகவே உள்ள கார்களையும் ஹார்ட்டாப் என்றார்கள். ஆங்கிலத்தில் உள்ள குழப்பத்தை நாம் ஏன் சேர்த்து வாங்க வேண்டும்?

ஈப்போ அக்காவின் 'கவிகை' என்னை ஒரு நாள் முழுக்கப் பிடித்து வைத்திருந்தது. 'கவிகைக்கீழ்த் தங்கும் உலகு' என்ற குறளை அறிந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விட மனம் வராது. ஆனால் கவிகை என்றால் குடைபோல் கவிந்திருக்க வேண்டும். 1963-இல் வந்த மெர்சிடிஸ் 230 எஸ்எல்லின் கழற்றக்கூடிய கூரை நடுவில் தாழ்ந்து ஓரங்களில் உயர்ந்திருக்கும். அதனால்தான் அந்தக் காருக்கே பகோடா (புத்தர் கோயில் கோபுரம்) என்று பெயர் வந்தது. வடிவத்தை வைத்துப் பெயரிட்டால் அங்கே இடிக்கும்.

தைப்பிங் தம்பியின் 'கழல்கூரை'தான் பெரும்பாலோருக்குப் பிடித்திருக்கிறது. தம்பி, இதில் நான் கடுமையாகவே மறுக்கிறேன். செருப்பு கழல்கிறது, திருகாணி கழல்கிறது, அதாவது தானாக. நாம் செய்தால் கழற்றுகிறோம். கழல்கூரை வினைத்தொகை: கழன்ற, கழல்கின்ற, கழலும் கூரை. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் எது நடக்கக் கூடாதோ அதையே பெயராக வைக்கிறோம்.

அதனால் என் பரிந்துரை, இழையில் முன்பே சொன்னதுதான்: துணிக்கூரைக்கு மடிகூரை, ஹார்ட்டாப்புக்குப் பூட்டுகூரை. கூரை எதனால் ஆனது என்பதை விட்டுவிட்டு, அதைக் கை என்ன செய்கிறது என்று பார்த்தேன். எஸ்எல்கே போன்றவை வன்மடிகூரை என்று தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும். தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டிய என் தாத்தா 'வண்டி பூட்டியாச்சா?' என்றுதான் கேட்பார். பூட்டியதை அவிழ்க்கலாம் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தன்னால் அவிழாது என்பதும் இருக்கிறது.

> பூட்டு என்றால் எல்லாருக்கும் சாவிப்பூட்டுதானே நினைவுக்கு வரும், தம்பி? மடிகூரை என்றால் மடிக்கணினி மாதிரி மடியில் வைப்பது என்று நினைக்க மாட்டார்களா?

அக்கா, நேற்று நீங்கள் எழுதிய இந்தக் கேள்வி நியாயமானது. விடை ஒரு 'க்'கில் இருக்கிறது. மடிக்கணினியில் வல்லினம் மிகுகிறது, மடி அங்கே பெயர். வினைத்தொகையில் மிகாது: ஊறுகாய், சுடுகாடு. ஆகவே மடிகூரை, பூட்டுகூரை. 'பூட்டுக்கூரை' என்று எழுதினால்தான் சாவிப்பூட்டு உள்ளே வரும். பேச்சில் இந்த வேறுபாடு மங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டறையில் நான்கு பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன். அதுவரை மலாயில் பும்போங் (கூரை) என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், பூட்டுகூரை என்றதும் கைகாட்டியது கொக்கியை. கழல்கூரை என்றபோது ஒருவன் 'எது கழண்டுச்சு?' என்று காரைச் சுற்றிப் பார்த்தான்.

ரப்பர் பிடிக்காத இடத்தில் குழாய்த் தண்ணீர் அடித்துப் பார்த்ததில் இடப்பக்கக் கண்ணாடி முனையில் கசிகிறது. அடுத்த ஞாயிறு அந்தப் பக்கத் தகட்டை மறுபடி தளர்த்தப் போகிறோம். அதற்குள் அந்தத் தகட்டுக்கும் ஒரு பெயர் வேண்டும். கொக்கி நுழைந்து கவ்வும் இடம் என்பதால் 'கொக்கிவாய்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சிரம்பான் ஐயா, தச்சு வேலையில் இதற்குப் பழைய சொல் ஏதும் உண்டா?