ஒலிம்பிக் தங்கம் இல்லாத ஹார்பிக்குக்கு முதலிடமா?

தடகளப்பித்தன்:
800 மீட்டரில் என் முதலிடம் ஜெர்மனியின் ருடால்ஃப் ஹார்பிக்குக்குத்தான் என்று நேற்று எழுதினேன். ஒலிம்பிக் தங்கமே வாங்காதவருக்கா என்று நேர்கோடு தம்பி கேட்டார். என் பதில் இது.

1939 ஜூலை 15, மிலான். இத்தாலியின் மாரியோ லான்ஸி முன்னால் ஓடுகிறார், ஹார்பிக் அவர் முதுகை விடாமல் பின்னால் வருகிறார். கடைசி நேர்பகுதியில் விலகி முந்துகிறார். நேரம் 1:46.6. அதுவரை இருந்த உலக சாதனை, இங்கிலாந்தின் சிட்னி வுடர்சன் ஓடிய 1:48.4. இந்தத் தூரத்தில் கால் விநாடி, அரை விநாடி குறைப்பதற்கே மூச்சு முட்டும். இவர் ஒரே ஓட்டத்தில் 1.8 விநாடி குறைத்தார். அடுத்த மாதமே ஃபிராங்க்ஃபர்ட்டில் 400 மீட்டரிலும் 46.0 ஓடி உலக சாதனை!

நேர்கோடு:
மிலான் தடம் ஒரு சுற்று 500 மீட்டர், சார். வளைவு குறைந்தால் வேகம் தானாகக் கூடும். லான்ஸி வேறு முன்னால் இழுத்துக்கொண்டு போனார். 1936 பெர்லினில், சொந்த நாட்டு ஒலிம்பிக்கில், ஹார்பிக் 800 மீட்டர் முதல் சுற்றோடு வெளியேறினார். கிடைத்தது 4×400 தொடர் ஓட்டத்தில் வெண்கலம் மட்டும். உலகமே பார்க்கும் நாளில் ஜெயிப்பவர்தானே பெரிய ஆள்?

தடகளப்பித்தன்:
லான்ஸிக்கும் அதே தடம்தான், தம்பி. அவர் ஊர்க்காரர்கள் முன்னால்தான் ஓடினார். இரண்டு விநாடிக்கு மேல் பின்தங்கினார். வளைவு ஏன் அவருக்கு உதவவில்லை? பெர்லினில் ஹார்பிக்குக்கு வயது 22. இரண்டே வருடத்தில் பாரிஸில் ஐரோப்பிய சாம்பியன். உச்சத்தில் இருந்தபோது வரவேண்டிய 1940 ஒலிம்பிக் போரால் நடக்கவே இல்லை. 1944 மார்ச்சில் உக்ரைன் போர்முனையில் இறந்தார், 30 வயதில். நடக்காத பந்தயத்தில் ஜெயிக்கவில்லை என்று எப்படிக் குறை சொல்வது?

மைதானத்துக்காரர்:
நான் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித் தருபவன். பாதிப் பெருமை பயிற்சியாளர் வோல்டெமார் கெர்ஷ்லருக்குப் போக வேண்டும். இதய மருத்துவர் ஹெர்பர்ட் ரைண்டலோடு சேர்ந்து அவர் வகுத்த இடைவெளிப் பயிற்சியைத்தான் நானும் கொடுக்கிறேன். குட்டி ஓட்டம் ஒன்று, இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறும். அப்புறம் கழுத்தில் இரண்டு விரல் வைத்துப் பிள்ளைகள் எண்ணுவார்கள். பத்து விநாடிக்கு 20 என்று இறங்கினால், அதாவது 120, அடுத்த ஓட்டம். இறங்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனால் வேகம் அதிகம் என்று அர்த்தம். 1952இல் 1500 மீட்டர் தங்கம் வாங்கிய லக்ஸம்பர்க்கின் ஜோசி பார்தெலும் கெர்ஷ்லரின் சீடர்தான்.

செவ்வந்தி:
யாருமே பேசாத ஒன்று இருக்கிறது. ஹார்பிக் நாஜிக் கட்சி உறுப்பினர். அவர் வெற்றிகளை அந்த ஆட்சி தன் பெருமையாகக் காட்டிக்கொண்டது. “போரில் இறந்தார்” என்று ஒரு வரியில் கடந்து போகிறீர்களே அண்ணா, அது யார் நடத்திய போர்? டிரெஸ்டன் மைதானத்துக்கு 1951இல் அவர் பெயரை வைத்ததும் கிழக்கு ஜெர்மனிதான், 1971இல் எடுத்ததும் அவர்களேதான். ஜெர்மனி ஒன்றான பிறகு அந்தப் பெயர் திரும்ப வந்தது. ஓட்டத்தைப் புகழுங்கள். மைதானத்துக்குப் பெயர் வைப்பது வேறு, அது “இவரைப் போல இரு” என்று பிள்ளைகளுக்குச் சொல்வது.

தடகளப்பித்தன்:
சரி, செவ்வந்தி. கட்சி விஷயத்தை நானே முதலில் எழுதியிருக்க வேண்டும், விட்டது தப்பு. மைதானத்தின் பெயரிலும் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் 1:46.6ஐ விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நேர்கோடு:
லான்ஸியும் அதே தடத்தில்தான் ஓடினார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, தடத்தைப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஒலிம்பிக் தங்கம் வேண்டும் என்பதில் மட்டும் மாறவில்லை. அந்தச் சாதனை எத்தனை நாள் நின்றது?

தடகளப்பித்தன்:
16 வருடம். 1955 ஆகஸ்டில் ஆஸ்லோவில் பெல்ஜியத்தின் ரோஜர் மூன்ஸ் 1:45.7 ஓடி முறியடித்தார்.