வங்கிக்காக நோட்டரியிடம் போன அனுபவங்கள்

அம்மாபேட்டை மலர்

அப்பா பெயரில் இருந்த டெபாசிட்டுக்கு நாமினி இல்லை. அவர் காலமான பிறகு வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தோம். அப்புறம் ஒரு கட்டுப் படிவம் தந்து, வாரிசுகள் எல்லோரும் நோட்டரி (கையெழுத்துக்குச் சான்று தர அரசு நியமித்த வக்கீல்) முன்னால் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்கள். அண்ணன் எல்லாவற்றையும் டைப் செய்து, அம்மாவையும் என்னையும் சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டரியிடம் கூட்டிப் போனார்.

அம்மாவுக்கு எழுத வராது. ஸ்டாம்ப் பேடில் கட்டைவிரலை அழுத்தி, தாளுக்கு மேலே கொண்டுபோய்விட்டார். நோட்டரி மேடம் சட்டென்று தாளை இழுத்துக்கொண்டார்.

"இங்கிலீஷ்ல இருக்குதுங்கம்மா. படிச்சுச் சொன்னாங்களா?"

"பணம் வாங்கற பேப்பருன்னு பையன் சொன்னானுங்க."

"இல்லீங்கம்மா. உங்க பங்கு வேண்டாம், பையனே வாங்கிக்கட்டும்னு எழுதியிருக்குது. சம்மதந்தானுங்களா?"

அம்மா பதில் சொல்லவில்லை. மைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "ஒரே ஆள் வாங்கினா சீக்கிரம் முடியும்னு வங்கியில சொன்னாங்க, நான் பிரிச்சுத் தரமாட்டேனா?" என்றார் அண்ணன். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வீட்டிலேயே அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை? எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

குகைக்காரன்

உங்களுக்கு நல்ல நோட்டரி கிடைத்தார். நான் தறிக்குக் கடன் வாங்கியபோது, டைப்பிங் கடைக்காரர் மேசை டிராயரிலிருந்து ஒரு வெற்றுத்தாளை எடுத்துப் பிரிண்டரில் வைத்தார். அடியில் நோட்டரியின் கையெழுத்தும் முத்திரையும் ஏற்கெனவே இருந்தன. அதற்கு மேலே என் பெயரும், ஜாமீன் போடும் மாமனார் பெயரும், "என் முன்னிலையில் கையொப்பமிட்டனர்" என்ற வரியும் அச்சாகி வந்தன. மாமனார் அப்போது ஆத்தூரில் இருந்தார். அவர் பேனாவைத் தொடும் முன்பே அவர் கையெழுத்துப் போட்டதற்கு முத்திரை சாட்சி சொல்லிவிட்டது. வங்கியிலும் முத்திரை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தார்கள். நோட்டரி என்பதே வெறும் சடங்கு.

நாகலூர் காப்பித் தோட்டம்

சடங்கு என்று ஒரே அடியாகச் சொல்லாதீர்கள். தோட்டம் எனக்கும் தம்பிக்கும் கூட்டு. அவன் சிங்கப்பூரில் இருக்கிறான். அடமானக் கடனுக்கு, அவனுக்காக நான் கையெழுத்துப் போட அவனுடைய பவர் பத்திரம் வேண்டும். "வீடியோ காலில் காட்டினால் போதும், இங்கேயே முத்திரை வாங்கித் தருகிறேன்" என்று ஒரு தரகர் வந்தார். வேண்டாம் என்றுவிட்டேன். தம்பி அங்கே இந்தியத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டு, அசலைக் கூரியரில் அனுப்பினான். வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கெடு நெருங்கும்போது மலையில் அடைமழை. பத்திரத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கினேன். வங்கி வக்கீல் முதலில் கேட்டதே, "தம்பி எங்க நின்னு கையெழுத்துப் போட்டாரு?" என்றுதான்.

ஸ்வர்ணபுரி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

தொலைந்த மூலப்பத்திரத்துக்கு ஒருவர் பிரமாணப் பத்திரம் கொண்டுவந்தார். முத்திரையில் இருந்த நோட்டரிக்கு உரிமக் காலம் முடிந்திருந்தது. திருப்பி அனுப்பினேன். அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

குகைக்காரத் தம்பி, உங்களுக்குச் சொல்கிறேன். நோட்டரிகள் சட்டம் 1952-ஆம் வருடத்தது. பொதுவாக 10 வருடம் வக்கீலாக இருந்தவரையே நியமிப்பார்கள். பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 7 வருடம் போதும். சான்றிதழ் 5 வருடத்துக்குத்தான், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். முத்திரையில் பெயர், பதிவு எண், எந்த எல்லைக்கு நியமனம் என்பதெல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம் பதிவேடு. செய்யும் ஒவ்வொரு வேலையையும் நோட்டரி அதில் ஏற்ற வேண்டும், உங்கள் கையெழுத்தையும் வாங்க வேண்டும். அந்த வரிசை எண்ணைக் கேட்டுத் தாளில் எழுதச் சொல்லுங்கள். முன்கூட்டி முத்திரை குத்திய தாளுக்குப் பதிவேட்டில் உண்மையான வரி இருக்காது. அப்படிச் செய்பவர் மேல், நியமித்த அரசிடமே புகார் கொடுக்கலாம். இன்னொன்று, நோட்டரி முத்திரை பத்திரப் பதிவு ஆகாது. பத்திரத்தில் எழுதியிருப்பது உண்மை என்றும் அது சொல்லாது. இன்னார் வந்தார், கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

மலர் அம்மா, உங்கள் அம்மா கணக்குக்கு இப்போதே நாமினி போட்டுவிடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் 4 பேர் வரை போடலாம்.

குகைக்காரன்

ஐயா, பதிவேட்டு எண்ணை நான் கேட்கிறேன், சரி. கடனைக் கொடுக்கும் வங்கி ஏன் கேட்பதில்லை? நீங்கள் வேலை பார்த்த காலத்தில் கவுண்டரில் யாராவது ஒருவராவது அந்த எண்ணைக் கேட்டு, நோட்டரிக்குப் போன் போட்டுச் சரிபார்த்ததுண்டா? எங்கள் மாமனார் ஜாமீன் போட்ட வீடு அவருடைய ஒரே வீடு.