மறு: மறு: ஸ்கேல் மாடலுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

திங்கள் காலை, திருச்சி

குழுவினருக்கு வணக்கம். ஒரு சிறுவர் இதழுக்குப் பொழுதுபோக்குகள் பற்றிய தொடரை மொழிபெயர்க்கிறேன் என்று முன்பே சொல்லியிருந்தேன். தபால்தலை, நாணயம், பறவை பார்ப்பது எல்லாம் சிக்கலில்லாமல் போயின. இந்த வாரம் மாட்டிக்கொண்டேன். பழைய போர்களை மேசைமேல் குட்டிக் குட்டி வீரர்களை நிறுத்தி, பகடை உருட்டி ஆடுகிறார்களே, அது. கூடவே விமானம், டாங்கி என்று பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி வண்ணம் பூசுவதும்.

கட்டுரை வில்லியம் சைபோர்னில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. வாட்டர்லூ போர்க்களத்திலேயே ஒரு பண்ணைவீட்டில் மாதக்கணக்கில் தங்கி மேடுபள்ளம் அளந்து, 1815இல் நடந்த அந்தப் போரை எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உலோக வீரர்களோடு செய்து, 1838இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். பிரிட்டனுக்குத் துணையாக வந்த பிரஷ்யப் படையை எந்த இடத்தில் எவ்வளவு காட்டுவது என்பதில், அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பை நடத்திய வெல்லிங்டன் தரப்போடு மனத்தாங்கல் வேறு. நல்ல கதைதான். ஆனால் 'மாதிரி' என்று போட்டதும் வாக்கியம் கவிழ்கிறது. "சைபோர்ன் வாட்டர்லூ மாதிரி செய்தார்" என்றால் அவரும் எங்கோ போய்ச் சண்டை போட்டதுபோல் இருக்கிறது. "மாதிரிகளில் பல மாதிரி உண்டு" என்று ஒரு வரி வந்து விழுந்தபோது கணினியை மூடிவிட்டேன்.

வேண்டியவை மூன்று: ஸ்கேல் மாடல் (நிஜப் பொருளை அளவு குறைத்து அப்படியே செய்தது), மேசையில் நிற்கும் அந்தக் குட்டி வீரன், அவனை வைத்து ஆடும் ஆட்டம். வெள்ளி மாலை அனுப்பியாக வேண்டும். படிப்பவர்கள் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்.

திங்கள் மதியம், கும்பகோணம்

அம்மா, நம்மிடம் இல்லாததா? பட்டினப்பாலையில் பிள்ளைகள் 'புரவியின்று உருட்டும் முக்காற் சிறுதேர்' வருகிறது. குதிரை கிடையாது, மூன்றே சக்கரம். பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் அழகு: தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த 'ஊரா நற்றேர்'. தேர் செய்கிறவன் பிள்ளைக்கே ஆசை வருகிறது என்றால் வேலைப்பாடு எப்படி இருந்திருக்கும். ஏறிப் போகமுடியாத நல்ல தேர்! நீங்கள் சொல்லும் மாடலுக்கு இதைவிட வரையறை உண்டா?

ஆனால் நான் எழுத வந்தது வேறு. 'பொரு' என்ற வேரைப் பாருங்கள். பொருதல் என்றால் போரிடுதல். போர், பொருநன் எல்லாம் அங்கிருந்து வருபவை. அதே பொருவுதல் என்றால் ஒத்திருத்தல், பொருவிலான் என்றால் ஒப்பில்லாதவன். சண்டையும் ஒப்பும் ஒரே சொல்லில்! 'உறழ்' என்பதிலும் இதே கதை, மாறுபடுதலும் அதுதான், உவம உருபாக வந்து ஒத்தலும் அதுதான். சமவலு உள்ளவர்கள்தானே மோதமுடியும், ஆகவே ஒப்பிலிருந்து போர் பிறந்ததா, போரிலிருந்து ஒப்பு பிறந்ததா என்று முப்பது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். மெய்யான ஒன்றை ஒத்திருந்து தமக்குள் பொருதும் உருவத்துக்கு நான் முன்வைப்பது 'பொருவம்'. ஆட்டம் பொருவாட்டு. ஆடுபவர் பொருவர்.

திங்கள் இரவு, சென்னை

ஐயா, தொலைபேசியில் பொருவம் என்று சொன்னால் எதிர்முனையில் புருவம் என்றுதான் விழும். "ராத்திரி ரெண்டு மணிவரை புருவத்துக்குப் பெயின்ட் அடித்தேன்" என்று நான் யாரிடம் சொல்வது? (28 மில்லிமீட்டர் ஆளுக்குப் புருவமும் வரைகிறோம் என்பது வேறு விஷயம்.) ஊராத் தேர் பிடித்திருக்கிறது. ஆனால் ஸ்பிட்ஃபயர் போர்விமான மாடலைப் பறவா விமானம் என்றால் ரிப்பேர் ஆனது என்று நினைப்பார்கள்.

இருபது வருடமாக இதைச் செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் மாடலுக்குச் சொல் தேடுகிறீர்கள், சிக்கல் ஸ்கேலில்தான். இதில் இரண்டு வகை இருக்கிறது. 1/72 என்றால் விகிதம்: நிஜத்தில் 6 அடி, கையில் 1 அங்குலம். 28 மி.மீ. என்பது விகிதமே அல்ல, ஆளின் உயரம். அதையும் உள்ளங்காலிலிருந்து உச்சிவரை அளப்பதா, கண்வரை அளப்பதா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். தலையும் கையும் தெரியவேண்டும் என்று கொஞ்சம் பெரிதாக வேறு வார்ப்பார்கள். விகிதம் என்று எழுதினால் பாதி இடங்களில் பொய்யாகிவிடும்.

விகிதமும் சாஸ்திரப்படி வந்ததில்லை. 1/35 எப்படி வந்தது தெரியுமா? 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் பேந்தர் டாங்கி செய்தது. அது மோட்டாரில் ஓடவேண்டும், உள்ளே பேட்டரி அடங்கவேண்டும். அடங்கும் அளவுக்குச் செய்துவிட்டு அப்புறம் கணக்குப் பார்த்தார்கள், கிட்டத்தட்ட 35இல் ஒரு பங்கு. இன்று உலகம் முழுக்க டாங்கி என்றால் அந்த அளவுதான். அம்மாவின் சைபோர்ன்கூட அப்படித்தான். தரைக்கு மைலுக்கு 9 அடி, ஆனால் அந்தக் கணக்கில் ஆள் 3 மி.மீ.தான் வருவான், கண்ணுக்கே தெரியமாட்டான். அவர் வைத்ததோ கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் ஆள். தரைக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று.

செவ்வாய், டொராண்டோ

ஸ்கேலுக்கு இலங்கைப் பாடநூலில் நாங்கள் படித்தது 'அளவிடை'. அளவிடைப் படம் என்று கணிதத்தில் ஒரு பாடமே இருக்கும். அதையே எடுத்து 'அளவிடை உரு' என்று வைக்கலாம். தம்பி சொன்ன உயரத்தை உயரம் என்றே எழுதினால் போதும்.

மூன்றாவது சொல்லில் எனக்கு ஒரு தயக்கம். யாரையும் குறை சொல்ல இல்லை. 'போர் விளையாட்டு' என்று ஆளாளுக்கு எழுதத் தொடங்குமுன் சொல்லிவிடுகிறேன், அந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைக்க எனக்குக் கை வரவில்லை. ஆட்டம், படை, காய் என்று எதையாவது வையுங்கள்.

செவ்வாய், கோயம்புத்தூர்

அக்கா சொல்வதை ஏற்கிறேன். எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கம் போர் என்றால் ஆழ்துளைக் கிணறு. யாரோ தனிமடலில் 'சிறுபோர்' என்று சொன்னார்கள், அதைக் கேட்டால் முந்நூறு அடியிலேயே நிறுத்திவிட்டார்கள் போல என்றுதான் தோன்றும்.

'காய்' என்று அக்கா போகிறபோக்கில் சொன்னார்களே, அதை ஏன் விடவேண்டும்? சதுரங்கத்தில் நகர்வது காய், தாயத்தில் வெட்டுப்படுவது காய். ஆடுபுலியில் 3 புலி, 15 ஆடு, எல்லாமே காய்தான். சமமில்லாத இரண்டு படைகளை நியாயமாக மோதவிடுவதுதானே இந்த ஆட்டக்காரர்களின் பெரிய தலைவலி? அதை நம் ஊர்த் திண்ணையில் எப்போதோ கீறி வைத்திருக்கிறார்கள். 'படைக்காய்' என்று வைத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு உரை தேவையில்லை. ஆட்டம் 'படைக்காய் ஆட்டம்'.

செவ்வாய் இரவு, கும்பகோணம்

புடலங்காய், படைக்காய்.

புதன் காலை, கோயம்புத்தூர்

ஐயா கோபப்படாதீர்கள். பொம்மை என்று சொல்லியிருந்தால் அதற்கும் திட்டியிருப்பீர்கள்.

புதன், கும்பகோணம்

திட்டத்தான் செய்வேன். பொம்மை தெலுங்கு வழி வந்தது. நமக்குப் பாவை இருக்கிறது, பதுமை இருக்கிறது. பாவை என்பது கண்ணின் மணிக்குள் தெரியும் குட்டி உருவத்துக்கும் பெயர், எதிரில் நிற்பவரே அளவு சுருங்கி அங்கே தெரிகிறார், ஸ்கேல் மாடலை இதைவிடச் சுருக்கமாக எவன் சொல்வான். ஆனால் பாவை என்றதும் மார்கழி நினைவுதான் வரும், அதனால்தான் பொருவம் என்றேன். புரியாது, புரியாது என்கிறீர்கள். மிதிவண்டி வந்தபோதும் புரியாது என்றார்கள்.

புதன், சென்னை

இன்னும் சைக்கிள் என்றுதானே சொல்கிறோம்.

தொல்காப்பியமே 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்கிறது. ஃபிகர், கிட் என்று எழுதிவிட்டுப் போகலாம் என்பது என் கட்சி. இரண்டு எழுத்து, மூன்று எழுத்து, எல்லாருக்கும் தெரியும். சரி, சிறுவர் இதழ், ஃபிகருக்கு நம் ஊரில் வேறு அர்த்தமும் உண்டு, அதை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவு பேசுகிறோம், ஒருவரும் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நான் இப்போது வந்தவாசி செய்துகொண்டிருக்கிறேன், 1760 ஜனவரி 22, ஆங்கிலேயத் தளபதி கூட்டுக்கும் பிரெஞ்சுத் தளபதி லாலிக்கும் நடந்த போர். லாலியின் ஐரிஷ் ரெஜிமெண்ட்டுக்குச் சிவப்புச் சட்டை, எதிரில் ஆங்கிலேயருக்கும் சிவப்புச் சட்டை. மேசையில் எவன் எவன் படை என்று ஆடுகிறவனுக்கே குழம்புகிறது. போதாததற்கு மழைக்காலத்தில் மொட்டைமாடியில் பிரைமர் (வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) ஸ்ப்ரே அடித்து நாற்பது ஆட்களுக்குப் பூசணம் பிடித்ததுபோல் வெள்ளை பூத்துவிட்டது. சென்னை ஈரப்பதத்தில் ஸ்ப்ரே வேண்டாம், பிரஷ்ஷால் பூசுங்கள் என்று அந்தக் கட்டுரையில் ஒரு வரி சேர்க்க முடியுமா?

புதன் இரவு, திருச்சி

மூலத்தில் இல்லாததைச் சேர்க்க முடியாது தம்பி. ஆனால் மறந்துபோன நான்காவது ஒன்று இருக்கிறது: ஸ்ப்ரூ. பெட்டியைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் இறக்கை, சக்கரம், விமானி எல்லாம் ஒட்டிக்கொண்டு வருமே, அதிலிருந்து வெட்டி எடுக்கவேண்டும். இதற்கு என்ன?

புதன் இரவு, கும்பகோணம்

காம்பு. காம்பிலிருந்து கிள்ளி எடுக்கிறோம் அல்லவா.

வியாழன் காலை, சென்னை

ஐயா! இதை முதல் நாளே சொல்லியிருக்கக்கூடாதா. சட்டம் முழுவதற்கும் 'காம்புச் சட்டம்', ஒட்டியிருக்கும் இடம் 'காம்பு', வெட்டிய பிறகு மிச்சம் நிற்கும் முளையைத் தேய்க்கிறோம், அதுவும் காம்புதான். என் கையெழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வியாழன், கோயம்புத்தூர்

காம்பு என்றால் அதில் இருப்பது காய்தானே ஐயா? நீங்களே வந்துவிட்டீர்கள்.

வியாழன், டொராண்டோ

வடிவான சொல், எனக்கும் சம்மதம். சுருக்கமாக 'அளவுரு' என்று யாரும் போட்டுவிடாதீர்கள், அது பாராமீட்டருக்கு எப்போதோ போய்விட்டது.

வெள்ளி மதியம், திருச்சி

எல்லாருக்கும் நன்றி. அனுப்பிவிட்டேன். மாடல் 'அளவிடை உரு'. குட்டி வீரன் 'படைக்காய்'. ஆட்டம் 'படைக்காய் ஆட்டம்'. ஸ்ப்ரூ 'காம்புச் சட்டம்'. 28 மி.மீ. வரும் இடங்களில் ஆள் உயரம் என்று எழுதியிருக்கிறேன். ஓரிடத்தில் மட்டும் 'போர் விளையாட்டு' போடவேண்டியிருந்தது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி வரைபடத்தில் கட்டைகளை நகர்த்திக் காட்டியபோது தளபதி முஃப்லிங், இது விளையாட்டே அல்ல, போருக்கான பயிற்சி என்று சொன்னதாக வரும் வரி. விளையாட்டு என்ற சொல் இல்லாமல் அந்த மறுப்பு நிற்கவில்லை. அக்கா மன்னிக்கவேண்டும்.

வெள்ளி, டொராண்டோ

அவர் அப்படிச் சொன்னால் அப்படித்தானே எழுதவேண்டும். எனக்கு மற்ற இடங்கள்தான். அங்கே ஆட்டம் என்று வந்ததே போதும்.

வெள்ளி இரவு, கும்பகோணம்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனாலும் கூறியவை கூறியவையே. படைக்காய் என்பதில் ஒப்பு எங்கே இருக்கிறது? சதுரங்கக் குதிரைக்கும் இந்த ஆளுக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு பிள்ளை கேட்டால் காய் என்ற சொல் பதில் சொல்லாது. சட்டையில் பொத்தான்வரை மெய்யானவனை ஒத்திருக்கிறான் என்பதற்காகத்தானே அந்தச் சென்னைத் தம்பி இரவு இரண்டு மணிவரை விழித்திருக்கிறார்?

இன்னொன்று, பொருநராற்றுப்படையின் பொருநன் சண்டைக்காரன் அல்லன், பிறர்போல் வேடங்கொள்பவன் என்று உரைகாரர் சொல்வதை நான் திங்களன்றே குறிப்பிட்டிருக்கவேண்டும். அதைப் பற்றி நாளை தனியாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

வெள்ளி இரவு, சென்னை

எழுதுங்கள் ஐயா. நாளை நாற்பது ஆட்களுக்கும் வெள்ளையைச் சுரண்டவேண்டும், எப்படியும் விழித்துத்தான் இருப்பேன்.