தோரன்ஸ் டிடி 160: ஸ்ட்ரோப் கார்டில் கோடு அசையாமல் நிற்கிறது, பாட்டு மட்டும் இழுக்கிறது

கோவைத்தட்டு:
வணக்கம். அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய பெரியப்பா தன்னுடைய தோரன்ஸ் டிடி 160 ரெக்கார்டு ப்ளேயரை என்னிடம் கொடுத்துவிட்டார். 110 வோல்ட் மெஷின் என்பதால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் ஓட்டுகிறேன். சத்தம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் எந்தத் தட்டை வைத்தாலும் தூக்கக் கலக்கத்தில் பாடியதுபோல் இழுக்கிறது.

புது பெல்ட் போட்டாச்சு. பேரிங்கைத் துடைத்து எண்ணெய் விட்டாச்சு. டிரான்ஸ்ஃபார்மரில் 112 வோல்ட் வருகிறது. பெட்டியோடு வந்த ஸ்ட்ரோப் கார்டை (வேகம் பார்ப்பதற்கான கோடு போட்ட அட்டை) வைத்து ட்யூப் லைட்டில் பார்த்தால் 33-க்கான (நிமிஷத்துக்கு 33⅓ சுற்று) கோடுகள் ஆடாமல் அசையாமல் நிற்கின்றன. வேகம் சரி என்றுதானே அர்த்தம்? பிறகு ஏன் இழுக்கிறது?

ரெக்கார்டுபிரியன்:
மோட்டார் கிரீஸ் இறுகியிருக்கும் ப்ரோ. டிடி 160 வந்ததே 1972-ல். மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் பண்ணுங்க.

சுருதிபேதம்:
கழற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை. சுருதி எவ்வளவு இறங்கியிருக்கிறது? 5 கட்டையில் (கட்டை என்பது ஆதார சுருதியின் அளவு) பாடுகிறவர் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த பாடகி யாருடைய தட்டாவது இருந்தால் ஓடவிட்டு, தம்பூரா ஆப்பில் ஒத்துப் பாருங்கள்.

கோவைத்தட்டு:
பார்த்தேன். 3 கட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது, அதற்கும் ஒரு துளி கீழே. இன்னும் இரண்டு தட்டு போட்டுப் பார்த்தேன், அதே கதைதான்.

சுருதிபேதம்:
அப்படியென்றால் மூன்று ஸ்வரஸ்தானமும் (ஹார்மோனியத்தில் கறுப்பு, வெள்ளை சேர்த்து மூன்று கீ) கொஞ்சமும் இறங்கியிருக்கிறது. கிரீஸ் இறுகினால் இப்படி எல்லாத் தட்டிலும் அளந்து வைத்ததுபோல் இறங்காது. மெக்கானிக் ஐயா வரட்டும்.

ரேடியோமெக்கானிக்:
தம்பி, மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை (மின்சாரம் வினாடிக்கு எத்தனை முறை அலையடிக்கிறது என்பதை) மாற்றாது. அமெரிக்காவில் 60, இங்கே 50. டிடி 160-ல் இருப்பது 16 துருவ சிங்க்ரனஸ் மோட்டார். 60 ஹெர்ட்ஸில் நிமிஷத்துக்கு 450 சுற்று, 50-ல் 375. வோல்ட் சற்று ஏறினாலும் இறங்கினாலும் அது அசையாது, ஹெர்ட்ஸுக்குத்தான் கட்டுப்படும். உங்கள் மோட்டார் முனையில் இருப்பது 60-க்கான சின்னப் புல்லி (பெல்ட்டை ஓட்டும் உருளை). அதனால் 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 27.8 சுற்றுகிறது. 22 நிமிஷப் பக்கம் முடிய 26 நிமிஷத்துக்கு மேல் ஆகும், கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

கார்டு விஷயத்துக்கு வருகிறேன். 33 வளையத்தில் எத்தனை கோடு என்று எண்ணிச் சொல்லுங்கள்.

கோவைத்தட்டு:
கண் பூத்துவிட்டது. 216.

ரேடியோமெக்கானிக்:
அதுவும் அமெரிக்கக் கார்டுதான். அங்கே விளக்கு வினாடிக்கு 120 முறை மினுக்கும், அதற்கு 216 கோடு. நம் ஊரில் 100 முறை, 180 கோடு வேண்டும். 216 கோட்டுக் கார்டு நம் விளக்கில் எந்த வேகத்தில் நிற்கும் என்று கணக்குப் போட்டால் அதே 27.8 வருகிறது. விளக்கும் மோட்டாரும் ஒரே கம்பியிலிருந்து ஓடுகின்றன. அந்தப் புல்லி இருக்கிறவரை மின்சாரம் 40 ஹெர்ட்ஸ் ஆனாலும் அந்தக் கார்டு "எல்லாம் சரி" என்றுதான் சொல்லும்.

டொராண்டோசிவா:
எனக்கு இதே பிரச்சினை மற்றப் பக்கமா வந்தது. லண்டனிலை வாங்கின ப்ளேயரை இஞ்சை கொண்டுவந்து போட்டன். 33-க்குப் பதிலா 40 சுற்று ஓடிச்சுது, எல்லாற்றை குரலும் கீச்சிட்டுது. கடைசியிலை 60 ஹெர்ட்ஸ் புல்லி எடுத்துப் போட்டனான். உங்களுக்கு 50 ஹெர்ட்ஸ் புல்லி வேணும்.

கோவைத்தட்டு:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டினால் மாறுமா? 45-ல் வைத்து 33 தட்டைப் போட்டால்?

ரேடியோமெக்கானிக்:
இன்வெர்ட்டரும் 50 ஹெர்ட்ஸ்தான் தரும். ஸ்டெபிலைசரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 45-ல் வைத்தால் 37.5 சுற்று வரும், இப்போது கீழே கேட்பது அப்போது மேலே கேட்கும்.

வழி இரண்டு. ஒன்று, 60 ஹெர்ட்ஸ் சைன் அலையை உருவாக்கி, சின்ன ஆம்ப்ளிஃபையரில் பெருக்கி, ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மோட்டாருக்குக் கொடுப்பது. வேகத்தை நுணுக்கமாகத் திருத்தலாம், அந்தச் சுகம் புல்லியில் கிடையாது. ஆனால் வெளியே வருவது ஆளைக் கொல்லக்கூடிய வோல்ட். அனுபவம் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று புல்லி. நீங்கள் இருப்பது கோயம்புத்தூர், லேத்துக்கா பஞ்சம்? பித்தளையில் கடைந்து தருவார்கள். வெறுமனே விட்டத்தை 1.2 மடங்கு என்று சொல்லிவிடாதீர்கள். பெல்ட்டின் தடிமனும் கணக்கில் வரும்: பழைய விட்டம் × 1.2, அதோடு பெல்ட் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. 33, 45 இரண்டு படிக்கும் இதே கணக்கு.

துளை நட்டநடுவில் இருக்க வேண்டும். புல்லி வினாடிக்கு 6 தடவைக்கு மேல் சுற்றுகிறது. மயிரிழை விலகினாலும் வயலினின் நீண்ட கார்வை நடுங்கும், வீணையில் கமகம் இல்லாத இடத்தில் கமகம் கேட்கும். துளை, வெளிவட்டம் இரண்டையும் ஒரே பிடிப்பில் கடையச் சொல்லுங்கள். கழற்றி மாட்டிக் கடைந்தால் விலகும்.

ரெக்கார்டுபிரியன்:
கிரீஸ் கதையை வாபஸ் வாங்கிக்கிறேன் 😄

கோவைத்தட்டு:
புல்லி வந்து மாட்டியாச்சு. பாடகி 5 கட்டைக்கு வந்துவிட்டார்! 180 கோட்டுக் கார்டு அச்சடித்து வைத்தேன். கோடுகள் தட்டு சுற்றும் திசையிலேயே மெதுவாக நகர்கின்றன, இரண்டு வினாடிக்கு ஒரு கோடு. மறுபடியும் கடையணுமா? அப்புறம், ஊசியை உள்பக்கம் கொண்டுபோகப் போக லேசாக ஒரு உறுமல் கூடுகிறது.

ரேடியோமெக்கானிக்:
வினாடிக்கு 100 கோடு கடக்க வேண்டிய இடத்தில் நூற்றரை கடக்கிறது. அரை சதவீதம் வேகம் கூடுதல், ஒரு ஸ்வரஸ்தானத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நானாக இருந்தால் தொடமாட்டேன்.

உறுமலுக்கு டிரான்ஸ்ஃபார்மரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதன் காந்தப்புலத்தைக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) பிடித்துக்கொள்ளும். ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். 60-க்கான கம்பிச்சுருள் 50-ல் கொஞ்சம் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், ஒரு மணி நேரம் ஓட்டி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டார் சூட்டையும் தொட்டுப் பாருங்கள்.

கோவைத்தட்டு:
டிரான்ஸ்ஃபார்மர் ப்ளேயருக்குப் பின்னாலேயே ஒட்டி இருந்தது. கீழ்த்தட்டில் இறக்கினேன், உறுமல் போயே போச்சு. மோட்டார் வெதுவெதுப்புதான்.

டொராண்டோசிவா:
பழைய புல்லியை எறிஞ்சு போடாதேங்கோ. 60 எண்டு எழுதி ஒரு உறையிலை போட்டு வையுங்கோ. இஞ்சை அதைத் தேடுற ஆக்கள் இருக்கினம்.